ஒருவரை எடுத்துவிட்டுத் தள்ளிய வண்டி

கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், யாரோ ஒரு பழைய காரைக் கிளப்பப் பார்க்கிறார்கள். மழை விட்ட காலை. கர்ர்… கர்ர்… என்று இருமுகிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி இருமி ஓய்ந்துபோகிறது. டீசல் புகை மெல்ல மாடிக்கு ஏறி வருகிறது. அவ்வளவுதான், நான் இங்கே இல்லை. என் உள்ளங்கையில் பனியில் விறைத்த தகரம். மூக்கில் தைலமர இலையும் டீசலும் கலந்த வாசனை. என் தோளை உரசிக்கொண்டு இன்னொரு தோள். ஸ்வெட்டர் இருக்கிறது, மப்ளர் இருக்கிறது, ஷால் மட்டும் இல்லை. ஷால் இல்லாமல் குளிருகிறதா என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அக்கா.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளே கேட்பாள்: பெயரை எடுத்துட்டுப் பாரேன், ஆள் தெரியுறாளா?

எண்பதுகளின் நடுப்பகுதி. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் உயிரியல் டீச்சர். நான் அதே பள்ளியின் ஆபீஸில் டைப்பிஸ்ட், தற்காலிகம். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாது என்று இருவரும் வில்பட்டியில் குடியிருந்தோம், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஒல்லி. நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்பாள், ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவள் மாதிரி. தேடுவதில்லை. எதை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறாள்.

அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றிச் சுற்றித்தான் வரும்: எது முன்னால் வந்தாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்பாள். இன்றைக்கு அவள் போடும் டீயில் இஞ்சி இருக்காது. நாளைக்கு இஞ்சி திரும்பி வந்துவிடும், ஏலக்காய் காணாமல் போயிருக்கும். ரசத்தில் ஒருநாள் சீரகம் இல்லை, ஒருநாள் மிளகு இல்லை. குடித்து முடிக்கும்வரை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளி மெஸ்ஸில் சமைத்த வில்பட்டி அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் என்னிடம் கேட்பார்: “இன்னைக்கு என்னத்த எடுத்துருக்கா உங்க அக்கா? சாக்கிரதையா இரு தாயி, நாளைக்கு அடுப்பையே எடுத்துருவா.”

மனிதர்களிடமும் அப்படித்தான். அதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். தினமும் வெள்ளனே என் பக்கத்துச் சுவரைத் தட்டி எழுப்புகிறவள் திடீரென்று ஒரு வாரம் தட்டமாட்டாள். கேட்டால், தட்டாட்டியும் நீ எந்திரிக்கிறியான்னு பார்த்தேன் என்பாள். எழுந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மறுபடி தட்டுவாள். எதற்குத் தட்ட வேண்டும் அப்புறம்? அதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பின்னால் நடந்ததெல்லாம் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும்.

சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. பன்னிரண்டு வயதில், அப்பா வெளியே போயிருந்தபோது, ஒரு பெரிய அண்டா பஞ்சாமிர்தத்துக்கு ஏலக்காய் போடாமல் விட்டுவிட்டாளாம். தைப்பூசக் கூட்டம். அண்டா காலியாயிற்று. ஒருத்தர்கூட வந்து கேட்கவில்லை. ராத்திரி பெருமையாக அப்பாவிடம் போய்ச் சொன்னாள், ஏலக்காய் தேவையே இல்லை என்று. அவர் அடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, கேட்காதவன் அடுத்த வருஷம் வேற கடைக்குப் போயிட்டான்னா அது உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரிப்பாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் வெகுகாலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வைரஸ் என்ற சொல் அவளுக்கு வந்ததும் அந்தக் கடை வாசலில்தான். எழுபதுகளில் மலைவாழையில் முடிக்கொத்து நோய் விழுந்தது. இலையெல்லாம் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்றுவிடும், தார் போடாது. தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து பழம் கொண்டுவருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து நின்றார்களாம். மருந்து இல்லையா என்று அப்பா கேட்க, அது பூச்சி இல்லீங்க, கண்ணுக்குத் தெரியாத வைரஸாம் என்றிருக்கிறார் ஒருத்தர். கண்ணுக்கே தெரியாதது ஒரு மலையின் வாழையைச் சாய்க்கிறது. அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பியவள், டீச்சர் வேலையிலும் அடங்காமல், விடுமுறை விட்டால் மதுரைக்கு இறங்கிவிடுவாள். அங்கே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கான வேலை. சனி ஞாயிறுகூட விடமாட்டாள்.

அவள் எடுத்துக்கொண்டது வாழை வைரஸ் இல்லை. குரங்கின் செல்களில் வளரும் ஒரு வைரஸ். மெஸ் அம்மா இதைக் கேட்டுவிட்டு, குரங்கு இங்கன கோயில் மேட்டுலயே கெடக்கே, அதுக்கு எதுக்கு மதுரை வரைக்கும் போறா என்றார்.

எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். வைரஸ் ஒரு பரதேசி. செல்லுக்குள் வரும்போது கையில் சின்ன ஒரு முடிச்சு, அதில் கொஞ்சம் மரபணு, அவ்வளவுதான். அந்த மரபணுவைப் படித்துப் பிரதியெடுக்க அதனிடம் ஆள் இல்லை. வீட்டுக்காரனின் ஆட்களைத்தான், அதாவது செல்லின் புரதங்களைத்தான், கூப்பிட்டு உட்காரவைத்து வேலை வாங்க வேண்டும். அவர்கள் வந்து உட்காருவதற்கு மரபணுவுக்கு முன்னால் ஓர் இடம் வைத்திருக்கும். புரமோட்டர் என்று பெயர். இவளுடைய வைரஸில் அந்த இடத்தில் ஒரே மாதிரியான குட்டி எழுத்துக்கோர்வை, அடுத்தடுத்து ஆறு தடவை எழுதியிருந்தது. ஆறிலும் உட்காருவது ஒரே வகைப் புரதம்.

ஏன் ஆறு? அதுதான் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது. அவ்வளவு சின்ன முடிச்சில் வேண்டாததைச் சுமந்து வருமா ஒரு பரதேசி? ஆனால் ஆறில் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டுச் செல்லுக்குள் அனுப்பினால், மரபணுவைப் படிக்கிற வேலை ஏறக்குறைய அப்படியேதான் நடந்தது. ஓர் இடம் போனால் கொஞ்சம் குறையும், இன்னோர் இடம் போனால் அதுகூடத் தெரியாது. எதுவும் நின்றுபோகவில்லை. மதுரை ஆட்கள் அதற்கு மிகை என்று பெயர் வைத்துவிட்டார்கள். சும்மா கிடக்கிறது, விடு, எழுதி முடி என்றார்களாம். அவளும் அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வண்டி அவள் கண்ணில் பட்டது.

வில்பட்டியிலிருந்து பள்ளிக்குப் போக ஒரு பழைய வேன். அதன் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. அதனால் சாயங்காலமே டிரைவர் அதைப் பிள்ளையார் கோயில் மேட்டில், மூக்கு சரிவைப் பார்க்க நிறுத்திவிடுவார். காலையில் நாங்கள் ஆறு பேர் பின்னால் நின்று தள்ள வேண்டும். அக்கா, நான், மெஸ் அம்மா, டிரில் மாஸ்டர், ஹெட் கிளார்க், தோட்டக்காரர். சரிவில் உருண்டு வேகம் பிடித்ததும் டிரைவர் கியரைப் போட்டு கிளட்சை விடுவார். வண்டி ஒரு தடவை விக்கி, உதறி, உயிர் வரும். எங்கள் எல்லோருக்கும் அதுதான் காலை ஜெபம். ஒருநாள் மாற்று டிரைவர் ஊர்ப் பழக்கம் தெரியாமல் வண்டியை மேட்டைப் பார்க்க நிறுத்திவிட்டார். அக்காதான் முன்னால் போய் நின்று, ரிவர்ஸ் கியரில் போடுங்க, மூஞ்சியப் பிடிச்சுத் தள்ளுவோம் என்றாள். பின்பக்கமாக உருண்டு வண்டி கிளம்பியதும் நடுரோட்டில் கைதட்டிக் குதித்தாள். அவளுடைய அந்த எழுத்துக்கோர்வையைத் திருப்பிப் போட்டாலும் அது வேலை செய்கிறதாம். அன்று முழுக்க அதே பேச்சு.

அதற்கடுத்த வாரம் சோதனையை ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் ஒருவர் தள்ளக் கூடாது, ஓரமாக நின்று பார்க்க வேண்டும். தோட்டக்காரர் நின்றார், வண்டி கிளம்பியது. நான் நின்றேன், கிளம்பியது. நல்ல உடம்புக்காரரான டிரில் மாஸ்டர் நின்ற அன்று கொஞ்சம் முக்கியது, ஆனாலும் கிளம்பியது. அக்டோபர் மாதம், குளிர் இன்னும் இறங்கவில்லை. எல்லோர் முறையும் முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, சிரித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “இந்த ஆறு பேர்ல யாருமே தேவையில்ல. யாரை எடுத்தாலும் வண்டி கெளம்புது.”

எல்லோரும் சிரித்தோம். கதவருகில் நின்ற பள்ளி மேனேஜரும் சிரித்தார்.

நவம்பரில் எனக்குக் காய்ச்சல், ஒரு வாரம் போகவில்லை. திரும்பிப் போன அன்று மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் சொன்னார். உன் மேலே குறை ஒன்றும் இல்லை, ஆனால் நீ வராத வாரம் ஆபீஸில் எதுவும் நிற்கவில்லை. மற்ற இரண்டு பேரே பார்த்துக்கொண்டார்கள். உங்க டீச்சரம்மாவே சொன்ன கணக்குத்தானே, யாரை எடுத்தாலும் வண்டி கிளம்புகிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு அப்புறம் வர வேண்டியதில்லை.

வேலை போனால் எனக்கு என்ன என்று சொல்ல வேண்டும். நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். அப்பா மண்டபம் முகாமிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா கோத்தகிரியில் தேயிலை பறிக்கிறார்; நான் டைப் அடிக்கப் படித்ததே அந்தக் கொழுந்துக் கூடைக்குப் பயந்துதான். வேலை இல்லை என்றால் நானும் அம்மாவும் மாமா இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போக வேண்டும், நான் மாமா மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது பேசிவைத்த விஷயம். அம்மாவிடம் சொன்னபோது அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். பிறகு சொன்னாள்: “அங்க ஒருக்கா, நீங்க கணக்குல கூடுதல்னு சொல்லி கப்பல்ல ஏத்துனாங்க. இங்கயும் நாம கூடுதல்தானா புள்ள?”

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இதைக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் எப்போதும் போல வந்து வண்டியைத் தள்ளினாள். ஆறுதல் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மதுரைக்கு இறங்கினாள், அடுத்த சனிக்கிழமையும். எனக்குக் கோபம்கூட வந்தது, சொன்னதைச் சொல்லிவிட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போகிறாளே என்று.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, டீ நேரத்தில், புடவைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு எக்ஸ்-ரே பிலிமை எடுத்து ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் பிடித்தாள். வெளியே மூடுபனி. பிலிமில் எலும்பு இல்லை. வரிசையாகக் கறுப்புப் பட்டைகள். மரபணு எவ்வளவு படிக்கப்பட்டதோ அவ்வளவு கறுப்பு என்றாள். முதல் பட்டை, ஆறு இடமும் இருந்தது: மை கொட்டிய மாதிரி. அடுத்தது, ஓர் இடத்தை எடுத்தது: அதுவும் கறுப்புத்தான். அதற்கடுத்தது இரண்டை எடுத்தது, சாம்பல். மூன்றை எடுத்தது, ஜன்னலுக்கு வெளியே இருந்த பனிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை நாள் நான் ஒண்ணு ஒண்ணா மட்டுந்தான் எடுத்துப் பார்த்தேன், சேர்த்து எடுத்துப் பார்க்கல என்றாள். செல்லில் அந்தப் புரதம் தாராளமாக இருந்ததால் முன்பு வித்தியாசம் மறைந்துபோனது. அது குறைச்சலாக இருக்கிற செல்லில் பார்த்தால் ஓர் இடம் போனதே தெரிந்திருக்கும் போலிருக்கிறது, அதையும் இனிமேல்தான் பார்க்கணும் என்றாள்.

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“சார், அன்னைக்கு நான் இந்த ரூம்ல சொன்னது தப்புங்க. எல்லாரும் இருக்கையிலே சொன்னேன், அதான் எல்லாரும் இருக்கையிலே சொல்றேன். ஒண்ணை எடுத்தும் ஒண்ணும் தெரியலைன்னா, அது வேண்டாம்னு அர்த்தமில்லீங்க. மத்ததெல்லாம் அதையும் சேத்துச் சுமக்குதுன்னு அர்த்தம்.”

மேனேஜர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு வேனையும் வைரஸையும் வைத்துக்கொண்டு ஆபீஸ் நடத்த முடியுமா டீச்சர் என்றார், எரிச்சலில்லாமல்தான்.

“போன மாசம் அதை வெச்சுத்தானே சார் நடத்தினீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தன் ஆராய்ச்சி தப்பு என்று மதுரையில் ஒத்துக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கலாம், அங்கே அது தினசரி நடப்பு. தற்காலிக டைப்பிஸ்டு ஒருத்திக்காக, சம்பளம் கொடுக்கிறவர் முன்னால், சக ஆசிரியர்கள் பார்க்க, ஒரு டீ நேரத்துச் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எனக்காக யாரும் அதுவரை எதையும் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை. ஒரு நாடுகூட.

பார்க்கலாம் என்றவர் கூடிய சீக்கிரமே பார்க்க வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வில்பட்டியில் ஒரு கல்யாணம், மேனேஜர் வந்து இரவு தங்கிவிட்டார், காலையில் எங்களோடு வேனில் ஏறிக்கொண்டார். அன்று உறைபனி. புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெள்ளை. டிரில் மாஸ்டர் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப் போயிருந்தார். ஹெட் கிளார்க்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. மீதி நான்கு பேர் தள்ளினோம். மேனேஜர் உள்ளே உட்கார்ந்திருந்தார், அவரைத் தள்ளச் சொல்கிற வழக்கம் இல்லை.

வண்டி இருமியது, அணைந்தது. பாதிச் சரிவு போய்விட்டது. மறுபடி. வேகம் பிடிக்கவேயில்லை. மேனேஜர் இறங்கி, கோட்டைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு, எங்களோடு கைவைத்தார். ஐந்து பேர். தோல் செருப்பு பனியில் வழுக்கி ஒரு முழங்காலை ஊன்றினார். வண்டி சரிவின் அடிக்குப் போய், ஓடைப் பாலத்தருகே செத்தாற்போல் நின்றது. எங்கள் ஐந்து பேரின் மூச்சும் புகையாக எழுந்தது, எஞ்சினிலிருந்து மட்டும் எழவில்லை.

மெஸ் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “இன்னும் ஒருத்தர எடுத்துட்டுப் பார்ப்போமா சார்?”

அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஆனால் மேனேஜரைக் குத்திக்காட்டவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் இறங்கி வந்து, வண்டியை மேட்டுக்கு ஏற்றி, எங்களோடு சேர்ந்து தள்ளினார்கள். கிளம்பியது. மேனேஜர் வழி முழுக்க முழங்கால் சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டு வந்தார்.

லீவு முடிந்தது. என்னை வரவேண்டாம் என்று மறுபடி யாரும் சொல்லவில்லை. போனேன். மேஜையில் வேலை வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் நிரந்தரம் என்று ஆர்டர் வந்தது. அவர் மனசு மாறியது அந்தப் பிலிமாலா, அந்தப் பனியாலா? தெரியாது. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வழியில்லை. கோத்தகிரிக்கு அம்மா ஆள் விட்டு, பெண்ணுக்கு இப்போ கல்யாணம் இல்லை என்று சொல்லியனுப்பினாள். மாமா கோபித்துக்கொண்டார். பரவாயில்லை என்று அம்மா அன்று பாயாசம் வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் போனது. முந்திரி, திராட்சை, ஏலக்காய், எதையும் எடுக்காத பாயாசம். அக்கா குடித்துவிட்டு, எல்லாம் இருக்கு என்றாள்.

எழுதுவது பின்னால் வந்தது எனக்கு. இப்போதும் ஒரு பக்கத்தை முடித்தால் ஒரு சொல்லை அடித்துவிட்டுப் பார்க்கிறேன். பத்தி நிற்கிறது. சரி, வேண்டாத சொல் என்று பேனாவை மூடப்போகையில் அவள் குரல் கேட்கும், இரண்டாவது ஒன்றையும் அடித்துப் பார்ப்பேன். பத்தி சரிந்துவிடும். இரண்டையும் திரும்ப வைப்பேன். திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறீர்கள் என்று என்னைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு தடவை சொன்னால்தான் சிலருக்குள் ஏதோ படிக்க ஆரம்பிக்கிறது என்று அவர்களிடம் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் அவள் டீச்சர் வேலையை விட்டுவிட்டு மதுரைக்கே போனாள், முழுநேர ஆராய்ச்சிக்கு. புரதம் குறைச்சலான செல்லில் பார்ப்பது இன்னும் பாக்கி இருந்தது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நானும் மெஸ் அம்மாவும் வழியனுப்பப் போனோம். மழைத் தூறல். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை, அவ்வளவுதான் அவளுடைய சாமான். பாக்கியை ஒவ்வொன்றாக எங்களுக்கே கொடுத்துவிட்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று எல்லாமே போட்டிருந்தாள், ஸ்வெட்டர், மப்ளர், ஷால்.

நன்றி என்று சொல்லத்தான் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வாயில் வந்தது வேறு. நாளைக்கு வண்டிய யாருக்கா தள்ளுறது என்றேன்.

பஸ் கிளம்பிவிட்டது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

“அஞ்சு பேர் இருக்கீங்கல்ல, கெளம்பிரும். கெளம்பிருச்சேன்னு, அக்கா தேவையில்லைன்னு மட்டும் நெனச்சிராத.”